வலது பக்கப் பாக்கெட்

சித்த நகருங்க. இந்தப் பையை மடியில வெச்சுக்கறேன், உங்களுக்கு இடிக்காது. திருச்செங்கோடுதானுங்க? நானும் அங்கதான். பயப்படாம உக்காருங்க, செத்தவன் பக்கத்துல உக்காந்தா ஒண்ணும் ஒட்டிக்காது.

என்ன அப்படிப் பாக்கறீங்க? நெசமாத்தானுங்க. பேரு சென்னியப்பன். நான் செத்து, என்னையப் பொதைச்சு, கருமாதியும் ஆயிருச்சு. டீக்கடை மாரப்பன் என்கிட்டவே சொல்றான், உங்க கருமாதிக்கு வடை அருமையா இருந்துச்சுங்கண்ணான்னு. வெக்கங்கெட்ட பய. ரெண்டாம் பந்தியிலயும் உக்காந்திருக்கான்.

எல்லாம் ரெண்டு பேரு பண்ணுன வேலைங்க. ஒருத்தன் பிரதாப்பு. எங்கூருல பிளக்ஸ் கடை வெச்சிருக்கான். காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி, எந்த எளவுன்னாலும் அவன்கிட்டதான் அடிக்கோணும். இன்னொண்ணு கமலவேணி டீச்சர். கணக்கு டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனது. அந்தம்மா தம்பி ஒருத்தன் சின்ன வயசுலயே காணாமப் போயிட்டானாம், அதுல புடிச்ச கிறுக்கு. ரெண்டும் சேந்து வாட்சப்புல ஒரு குரூப்பு. ஒரு பக்கம் காணாமப் போனவங்க போட்டோ. இன்னொரு பக்கம் ரயில்ல அடிபட்டது, கெணத்துல மெதந்தது, பஸ் ஸ்டாண்டுல செத்துக் கெடந்ததுன்னு ஆரும் கேக்காத பொணங்க போட்டோ. இதுக்கும் அதுக்கும் பொருத்தம் பாக்கறாங்களாம். மாப்பளைக்கும் பொண்ணுக்கும் பொருத்தம் பாத்தாலும் ஒரு வேளை சோறாச்சும் கெடைக்கும். இவியளுக்கு என்ன கெடைக்குதுன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியலீங்க.

கேட்டா தொண்டாம். போலீசு பேப்பர்ல போடுவாங்கல்ல, நாப்பத்தஞ்சு வயசு மதிக்கத்தக்க ஆண், மாநிறம், இன்ன எடத்துல தழும்புன்னு. அந்தம்மா அதையெல்லாம் வெட்டி ஒட்டி வெச்சுட்டு, மூக்குக் கண்ணாடிய ஏத்தி ஏத்திப் பாக்குது. நாலஞ்சு பேருக்கு நெசமாவே ஆளக் கண்டுபுடிச்சுக் குடுத்துருக்குதாம். குடுத்து? செத்தவன் எந்திருச்சா வந்தான்? ஊட்டுல நிம்மதியா இருந்தவளக் கூப்புட்டு, இந்தா உன்ற புருசன் பொணம்னு குடுக்கறதுக்குப் பேரு தொண்டுங்களா? வேலைவெட்டி இல்லாததுங்க.

நானு போர்வெல் லாரியில டிரில்லருங்க. எங்க பக்கத்து ரிக்கு வண்டி போகாத ஊரு இந்தியாவுல இல்ல. இந்தா, வலது புருவத்துக்கு மேல பாருங்க. ராடு தூக்கற சங்கிலி அறுந்து அடிச்சது. கண்ணு தப்பிச்சதே சாமி புண்ணியம். கடைசியா சத்தீஸ்கர் பக்கம் போயிருந்தோம். போன எடத்துல அப்படியே ஒரு மூணு வருசம் ஆயிப்போச்சு. அதுக்குள்ள இத்தனை கூத்து.

போன் பண்ணலீங்களான்னா, போனு போர் குழிக்குள்ள உழுந்துருச்சுங்க. குழிக்குள்ள போனது எங்க வரும்? ஊட்டுக்காரி நம்பரு எனக்கு மனப்பாடமில்ல. இந்தக் காலத்துல ஆருக்குங்க நம்பரு மனப்பாடம்? உங்க ஊட்டம்மா நம்பரு உங்களுக்குத் தெரியுமா, சொல்லுங்க பாக்கலாம்.

அட, சொல்றீங்களே. சரி, நீங்க படிச்சவுங்க.

ரிக்கு முதலாளிகிட்ட ஊருக்குப் போறேன்னு சொல்லிட்டுத்தான் வண்டிய உட்டு எறங்குனேன். அங்க ஒரு பொம்பள மெஸ் நடத்திட்டிருந்தா. சோறு நம்மூருச் சோறு மாதிரி இருக்கும். தனியாக் கஷ்டப்படறாளேன்னு ஒத்தாசைக்கு இருந்தேன். வேற ஒண்ணுமில்லீங்க. எதுக்குச் சிரிக்கறீங்க? அவ தம்பி வந்ததும் சூழ்நிலை சரியில்லாமப் போச்சு, கெளம்பி வந்துட்டேன். நம்ம ஊடு, நம்ம பொண்டாட்டி இருக்கறப்ப எதுக்கு இன்னொருத்தன் ஊட்டுல பேச்சு வாங்கோணும்?

வந்து எறங்குனா, பஸ் ஸ்டாப்பு சந்துல என்ற மூஞ்சி. கிழிஞ்சு தொங்குது. கண்ணீர் அஞ்சலி. டீ ஆத்திட்டிருந்த மாரப்பன் பேயறைஞ்ச மாதிரி நின்னுட்டான். பொம்பளைங்க ரெண்டு பேரு கொடத்தப் போட்டுட்டு ஓடுனாங்க. ஊருக்குள்ள ஒருத்தனும் வாடா நல்லாருக்கியான்னு கேக்கலீங்க. எல்லாரும் என்ற காலத்தான் பாக்கறானுங்க, தரையில படுதா இல்லையான்னு.

என்ற ஊட்டுக்காரி வசந்தாமணி. புள்ளகுட்டி இல்லீங்க எங்களுக்கு, அவளும் நானுந்தான். வாசல்ல உக்காந்து அரிசி பொடச்சுட்டு இருந்தா. என்னையப் பாத்தா. கத்தலீங்க. மயக்கம் போட்டு உழுகல. மொறத்த ஓரமா வெச்சுட்டு எந்திருச்சு, வாங்கன்னா. விருந்துக்கு வந்த ஒறம்பரைய வாங்கங்கற மாதிரி வாங்க. கட்டல எடுத்துப் போட்டா, சொம்புல தண்ணி குடுத்தா, எல போட்டுச் சோறு போட்டா. நானு அந்த ஊட்டுல எலயில சோறு தின்னது தீவாளிக்குத்தானுங்க. ரசத்துக்கு இன்னொரு வாட்டி கேட்டேன், ஊத்துனா. சாப்புட்டு எந்திருச்சதும், படுக்கறதுக்குக் கோயில் மண்டபத்துல காத்து நல்லா வருங்கன்னு சொல்றா. நானு கட்டுன ஊடுங்க அது.

ஆளு எப்படி இருக்கறாங்கறீங்க? தாலி அறுத்தவ எப்படி இருக்கோணும்? மூஞ்சி வாடி, கண்ணு உள்ள போயிக் கெடக்கோணுமல்ல? மொகம் தெளிஞ்சு கெடக்குது. தையல் மிசின் ஒண்ணு வாங்கிப் போட்டிருக்கா. எனக்கு வயிறு எரிஞ்சு போச்சு.

மயானத்துக்குப் போயி என்ற குழியப் பாத்தேன். எவனோ ஒரு ஊரு பேரு தெரியாதவன் எங்கப்பன் பக்கத்துல காலை நீட்டிப் படுத்திருக்கான். மேல அரளிப்பூ. வாடக்கூட இல்ல. வெள்ளிக்கெழமையானா வந்து வெக்கறாளாம். எனக்கு உசுரோட இருக்கறப்ப ஒரு நாளாச்சும் பூ வெச்சிருப்பாளா? அந்த அனாதைப் பயலுக்கு வந்த யோகத்தப் பாருங்க.

சரி, ஆனது ஆச்சு, இனி எப்படி உள்ள போறதுன்னு அருமைக்காரர்கிட்டப் போனேன். எங்க பக்கம் கல்யாணத்துக்குச் சீரெல்லாம் முன்ன நின்னு செய்யறவரு. அவரு ரொம்ப யோசிச்சாரு. கருமாதி ஆனவன் அப்படியே வாசப்படி நெலவத் தாண்டக் கூடாதாம். புதுசாப் பொறந்த மாதிரி ஒரு சாங்கியம் பண்ணோணும். என்னையத் தூளியில போட்டு ஆட்டி, தேன் தொட்டு வெச்சு, பேரு வெக்கோணும். அப்பறம் புதுத் தாலி எடுத்து மறுக்காக் கட்டோணும். இந்த ஒடம்ப எந்தத் தூளிங்க தாங்கும்? ஆனாலும் சரின்னுட்டேன். எனக்கு வேணுங்கறது ஒண்ணே ஒண்ணுதான், என்ற ஊட்டுக்குள்ள என்ற பொண்டாட்டிகூட இருக்கோணும். அதுக்குத் தூளியில என்ன, ஒரல்ல படுக்கச் சொன்னாலும் படுப்பேன்.

ஆனா அந்தப் புள்ள சரின்னு சொல்லோணும் சென்னியப்பாங்கறாரு. இதுல அவ சொல்றதுக்கு என்ன இருக்குது? போயிக் கேட்டா, பாக்கலாங்கங்கறா. அதோட தையல் மிசின மிதிக்க ஆரம்பிச்சுட்டா.

அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது. இந்தப் பிளக்ஸ்காரனும் டீச்சரும் அவ மண்டையக் கெடுத்து வெச்சிருக்கறாங்க. செத்துட்டான் செத்துட்டான்னு சொல்லிச் சொல்லி, உசுரோட இருக்கறவன் வந்து நின்னாலும் நம்ப முடியாமப் பண்ணிட்டாங்க. நேராப் போனேன் பிளக்ஸ் கடைக்கு. டீச்சரும் அங்கதான் இருந்துச்சு. என்னையப் பாத்ததும் எந்திருச்சு நின்னுச்சு. கண்ணுல தண்ணி. உங்களப் பாத்ததுல எவ்வளவு சந்தோசம் தெரியுங்களான்னு கையப் புடிக்க வருது. அழுதா உட்டுருவமா?

எப்படிரா அது நானுன்னு கண்டுபுடிச்சேன்னு கேட்டேன். கம்ப்யூட்டரத் தொறந்து காட்டுறான். இந்தப் பக்கம் ரயில் தண்டவாளத்துல கெடந்த ஆளு. என்ற ஒயரம், என்ற மீசை, எடது புருவத்துக்கு மேல தழும்பு. அந்தப் பக்கம் என்ற போட்டோ. அதுலயும் எடது புருவத்துக்கு மேல தழும்பு. பொருந்துதுங்கண்ணாங்கறான். எடதா? எனக்குத் தழும்பு வலது பக்கந்தானுங்க, இப்பக் காட்டுனனே.

நானு போட்டோவ உத்துப் பாத்தேன். சட்டையில பாக்கெட்டு வலது பக்கம் இருக்குது. ஏன்டா, எந்த ஊருலடா வலது பக்கம் பாக்கெட்டு வெச்சுச் சட்டை தைக்கறாங்கன்னேன். அவன் திருதிருன்னு முழிக்கறான். அப்பறம் மெதுவாச் சொல்றான்: அண்ணா, அது மாரியம்மன் நோம்பி பிளக்ஸுக்கு எடுத்த போட்டோ. நடுவுல அம்மன், ரெண்டு பக்கமும் ஊருக்காரங்க மூஞ்சி. நீங்க நின்ன பக்கத்துல உங்க மூஞ்சி வெளியப் பாத்துட்டு இருந்துச்சு. சாமிக்கு முதுகு காட்டுன மாதிரி இருக்குமேன்னு எடவலமாத் திருப்பிப் போட்டேன். அந்தத் திருப்புன போட்டோதான் கம்ப்யூட்டர்ல இருந்துச்சு.

கேட்டீங்களா கதைய? சாமியப் பாக்கோணும்னு என்ற மூஞ்சியத் திருப்பிருக்கான் கூமுட்டை. திருப்புனதையே வெச்சுக்கிட்டுப் பொணத்தோட பொருத்தம் பாத்திருக்கான். ஒலகத்துல எத்தனையோ ஊருல இந்த மாதிரி தொண்டு பண்ணறவங்க இருப்பாங்க. பிளக்ஸுக்கு மூஞ்சியத் திருப்பி ஆளச் சாகடிச்சது எங்கூருக்காரனாத்தான் இருப்பான். நாக்கப் புடுங்கிக்கற மாதிரி கேட்டேன். கடை வாசல்ல கூட்டம் கூடிருச்சு. அவன் தலையத் தொங்கப் போட்டுட்டு, தப்புத்தாங்கண்ணா, தப்புத்தாங்கண்ணான்னு அதையே சொல்றான். எனக்கு மனசு குளுந்து போச்சு.

டீச்சர் மட்டும் கண்ணாடியக் கழட்டித் தொடைச்சுப் போட்டுச்சு. அப்பறம் கேக்குது, போட்டோவுல நாங்க ஏமாந்தோம் சரிங்க. ஆஸ்பத்திரியில உங்க ஊட்டம்மா நேர்ல பாத்தாங்களே? துணிய வெலக்கிக் காட்டுனாங்க. ரொம்ப நேரம் பாத்துட்டு இவருதான்னு சொன்னாங்களே?

அழுத கண்ணோட எத்தனை தெரியுங்க ஒரு பொம்பளைக்குன்னு ஒரே போடாப் போட்டேன்.

அதே சூட்டோட ஊட்டுக்குப் போனேன். அருமைக்காரரையும் கூட்டிட்டுத்தான் போனேன், அப்படியே நாள் குறிச்சுரலாம்னு. வசந்தாமணிகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். பாக்கெட்டு கதையச் சொன்னேன். உன்னைய ரெண்டு கிறுக்குங்க ஏமாத்திருச்சுங்க, உன்ற மேல தப்பில்ல, நானு ஒண்ணும் நெனைச்சுக்கலைன்னேன். பெருந்தன்மையாத்தானுங்க சொன்னேன்.

அவ மிசின நிறுத்துனா. நூலக் கடிச்சு அறுத்தா. அவிய என்னைய ஏமாத்தலீங்க, துணிய வெலக்குனதுமே நீங்க இல்லைன்னு எனக்குத் தெரிஞ்சுதுங்கறா.

அருமைக்காரரு ஏனம்மிணின்னுட்டு அப்படியே திண்டுல உக்காந்துட்டாரு. அப்பறம் எதுக்குடி ஆமான்னு சொன்னேன்னு நானு கத்துனேன். அவ கத்தலீங்க. வெலாவாரியாச் சொன்னா. ரெண்டு வருசமா அந்த டீச்சர் எப்பக் கூப்புட்டாலும் போவேன். சேலத்துல ஒருத்தரு, கரூருல ஒருத்தரு, ஜோலார்பேட்டையில ஒருத்தரு. போற வழியெல்லாம் அது நீங்களா இருக்கக் கூடாதுன்னு சாமிய வேண்டுவேன். இல்லைன்னு தெரிஞ்சதும் ஊட்டுக்கு வந்து வாசக்கதவத் தொறந்து வெச்சுட்டு உக்காந்திருப்பேன். அன்னைக்கு அந்த ஆஸ்பத்திரியில துணிய வெலக்குறாங்க, நீங்க இல்ல. எனக்குச் சந்தோசமே வரல. ஐயோ, இன்னும் முடியலையான்னு இருந்துச்சு. அந்த மனுசனுக்கும் ஆருமில்ல, எனக்கும் ஆருமில்ல. ஆமாங்க, இவருதான்னு சொல்லிட்டேன். வாய்விட்டு அழுதேன். அப்பறம் நல்லாத் தூங்குனேன்.

எனக்கு வாயில நல்லா வந்துச்சுங்க. அருமைக்காரரு கையப் புடிச்சுட்டாரு. அவரும் ஒரு வார்த்தை அவளக் கேக்கல பாருங்க. அந்தாளுக்கும் புத்தி மழுங்கிப் போச்சு.

அவ என்னைய எதுவும் கேக்கலீங்க. எங்க இருந்தேன், ஆருகூட இருந்தேன், ஒண்ணும் கேக்கல. நாளைக்கு ஜங்சனுக்கு வாங்க, ரயில்வே போலீசுல போயி உசுரோட இருக்கறேன்னு சொல்லுங்கன்னா. நீங்க சொன்னாத்தான் அந்தச் செத்தவரு ஆருன்னு மறுபடி தேடுவாங்க. அவரு ஊட்டுல ஒருத்தி வாசக்கதவத் தொறந்து வெச்சுட்டு உக்காந்திருப்பாளல்லங்க, நானு அவளுக்குப் பெரிய பாவம் பண்ணிட்டேன்னா. எனக்கு எப்படி இருக்கும்? கட்டுன புருசன் முன்னால நிக்கறேன், அவ எவனோ ஒருத்தனோட பொண்டாட்டியப் பத்திக் கவலப்படறா. ஆனா நானும் ஒரு கணக்குப் போட்டேன். போலீசுல உசுரோட இருக்கறேன்னு ஆயிருச்சுன்னா, அப்பறம் அவ என்ன பாக்கலாங்கங்கறது? சர்க்காரே சொன்னதுக்கப்பறம் கதவத் தொறந்துதான ஆகோணும்? வர்றேன்னுட்டேன்.

இன்னைக்குக் காலையிலதானுங்க போனோம். அவ, நானு, டீச்சரு, அந்தப் பிளக்ஸ்காரன். அவிய எதுக்குன்னு கேட்டேன், அவங்கதான் வழி தெரிஞ்சவங்கன்னுட்டா. பஸ்ஸுல அவ டீச்சர் பக்கத்துல உக்காந்துக்கிட்டா. அந்த அம்மாளோட தம்பி என்னைக்குக் காணாமப் போனான், என்ன சட்டை போட்டிருந்தான்னு கேட்டுட்டே வர்றா. இவளும் அந்தக் கூட்டத்துல சேந்துருவா போல. வெளங்குமா?

ஸ்டேசன்ல ஒரு எஸ்ஐ. சின்ன வயசு, மரியாதையான ஆளு. மொதல்ல அவளக் கேட்டாரு. அவ பயப்படாமச் சொன்னா: ஐயா, நீங்க எனக்குக் குடுத்த பொணம் எங்க ஊட்டுக்காரரு இல்லீங்க, தெரிஞ்சேதான் பொய் சொன்னேன், என்ன தண்டனைன்னாலும் குடுங்க, அது அவரு இல்லைங்கறது உறுதிங்க. எஸ்ஐ அவ சொன்னத அப்படியே எழுதிக்கிட்டாரு. டீச்சர் அவ முதுகத் தடவிக் குடுக்குது. பிளக்ஸ்காரன் அங்கயே போனத் தொறந்து அந்தச் செத்தவன் போட்டோவ மறுபடி குரூப்புல போட்டுட்டான். இவனெல்லாம் திருந்துற ஜென்மமா?

அப்பறம் எம்பக்கம் திரும்புனாரு. நீங்கதான் சென்னியப்பனான்னாரு. ஆமாங்கையான்னேன். ஆதாரு இருக்கான்னாரு. அது மெஸ்ல மாட்டிக்கிச்சுங்க, அந்தப் பொம்பள தம்பி தரமாட்டேன்னுட்டான். ரேசன் கார்டுல பேர எடுத்துட்டாங்க. சரி, கட்டுன சம்சாரமே பக்கத்துல நிக்கறாங்கல்ல, அவங்க சொன்னாப் போதும்னாரு. எனக்கு நிம்மதியாப் போச்சு. நெஞ்ச நிமுத்தி, வெளிச்சம் படற மாதிரி நின்னேன்.

அம்மா, இவரு உங்க வீட்டுக்காரருதானான்னு கேட்டாரு.

வசந்தாமணி கிட்ட வந்தா. என்ற மூஞ்சிய நல்லாப் பாத்தா. மூணு வருசத்துல ஒருத்தியும் என்னைய அப்படிப் பாத்ததில்லீங்க. புருவத்தப் பாத்தா, மீசையப் பாத்தா, காதப் பாத்தா, கையப் புடிச்சுத் திருப்பி உள்ளங்கையப் பாத்தா. அழுவாள்னு நெனைச்சேன். கைய மெதுவாக் கீழ உட்டுட்டு எஸ்ஐகிட்டத் திரும்புனா.

சாயலு இருக்குதுங்க ஐயா, ஆனா உறுதியாச் சொல்ல முடியலீங்கன்னா.

எஸ்ஐ என்ன பண்ணுவாரு பாவம்? வேற ரத்த சொந்தம் ஆராச்சும் இருந்தா கூட்டிட்டு இன்னொரு நாள் வாங்கன்னாரு. நானு வெளிய வர்றதுக்குள்ள அவங்க மூணு பேரும் முன்னால நின்ன பஸ்ஸுல ஏறிட்டாங்க. கை காட்டுனேன். அவ சன்னலோரந்தான் உக்காந்திருந்தா.

கண்ணுதானுங்க. அழுது அழுது கண்ணு மங்கிப் போச்சு அவளுக்கு. நேத்துக்கூட ஊசியில ஒரே தடவையில நூல் கோத்தா, ஆனா கிட்டப் பார்வை வேற, தூரப் பார்வை வேறயல்லங்க? நாளைக்கே கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயி ஒரு கண்ணாடி போட்டு உட்டாச் சரியாப் போயிரும். வேற என்ன இருக்கப் போகுது? ஏனுங்க, சன்னலயே பாத்துட்டு வர்றீங்க, சொல்லுங்க. வேற என்ன இருக்கப் போகுது?